பொடி விற்போரும் உடற்கல்வி நேரத்தைத் திருடுவோரும்



பதினைந்து வயதுப் பையன் ஒருவன், தன் உடம்பில் வலிமை ஏற வேண்டும், தோளும் மார்பும் திரள வேண்டும் என்று விரும்பினால் அதில் குற்றம் என்ன? ஒரு குற்றமும் இல்லை என்பதே என் கட்சி. ஆனால் நம் சமுதாயம் அவனை எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். வீட்டில், "பளு தூக்காதே, குள்ளமாகவே நின்று போவாய்" என்கிறார்கள். பள்ளியில், "முதலில் படிப்பைப் பார், உடம்பைப் பிறகு பார்க்கலாம்" என்கிறோம். உறவினரோ ஒருபடி மேலே போய், "என்னடா, எந்தக் கும்பலில் சேரப் போகிறாய்?" என்று கேலி பேசுகிறார்கள். மூன்றையும் கேட்டுச் சலித்தவன் போய் நிற்கும் இடம், ஏதோ ஒரு கடைவரிசையின் முதல் மாடியில் இயங்கும் உடற்பயிற்சி நிலையம். அங்கே மட்டுந்தான் அவனுடைய ஆசையை யாரும் எள்ளி நகையாடுவதில்லை. ஆனால் அங்கே அவனுக்கு முதலில் காட்டப்படுவது பயிற்சியன்று, பொடி டப்பா!

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை பயின்று, இப்போது மூன்றாம் படிவத்தில் இருக்கும் மாணவன் ஒருவன் அண்மையில் என்னைக் காண வந்திருந்தான். பையிலிருந்து ஒரு பெரிய டப்பாவைப் பெருமையோடு எடுத்துக் காட்டினான். "சார், இத குடிச்சா மூணு மாசத்துல உடம்பு ஏறிடும்னு ஜிம்முல அண்ணன் சொன்னாரு" என்றான். விலை இருநூறு வெள்ளிக்கும் மேல். அவன் அம்மா தொழிற்சாலையில் இரவுப்பணி செய்பவர். டப்பாவின் பின்புறத்தை அவனையே படிக்கச் சொன்னேன். உடல் எடை கூட்டும் பொடி என்ற பெயரில் அதில் இருந்ததில் பாதிக்கும் மேல் மாவுச்சத்து. சர்க்கரைக்கு உடன்பிறப்பான மால்ட்டோடெக்ஸ்ட்ரின்! "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டேன். "ஒன்னும் சாப்பிடல சார்" என்றான்.

இந்த ஒரு விடையில் நோய் முழுவதும் அடங்கியிருக்கிறது. காலை உணவு இல்லாதவனுக்கு இருநூறு வெள்ளிப் பொடி!

முதலில் அந்தக் 'குள்ளமாகிவிடுவாய்' என்னும் பூச்சாண்டியை ஒழித்துக்கட்டுவோம். பளுப்பயிற்சி வளரும் பிள்ளையின் எலும்பு வளர்ச்சியை நிறுத்திவிடும் என்பதற்குச் சான்று இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையும், அதற்கு முன்னர் 2014இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி வெளியிட்ட கூட்டறிக்கையும் ஒன்றைத்தான் கூறுகின்றன: தகுந்த மேற்பார்வையும் சரியான முறையும் இருந்தால் சிறுவர்க்கும் பதின்ம வயதினர்க்கும் வலிமைப் பயிற்சி பாதுகாப்பானது, எலும்புக்கும் நன்று. காயங்கள் பெரும்பாலும் எப்போது நிகழ்கின்றன தெரியுமா? மேற்பார்வை இல்லாத நேரத்தில், நண்பன் முன்னால் வீம்புக்குத் தூக்கும்போதும், எடைத் தட்டைக் காலில் போட்டுக்கொள்ளும்போதும்தான். ஆக, அஞ்ச வேண்டியது எடையைக் கண்டு அன்று. கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமையைக் கண்டு.

உண்மையிலேயே வளர்ச்சியை நிறுத்தக்கூடியது வேறொன்று உண்டு. அதுதான் 'ஸ்டீராய்டு' எனும் ஆண்மை ஊக்க மருந்து. வளரும் எலும்பின் முனையில் இருக்கும் வளர்தட்டு, உரிய காலத்துக்கு முன்பே இந்த மருந்தினால் மூடிக்கொள்ளும். மூடினால் மூடியதுதான். அதன்பிறகு ஓர் அங்குலமும் ஏறாது. முகமெல்லாம் பரு வெடிக்கும், ஆண் பிள்ளைக்கு மார்பகம் புடைக்கும், விதைப்பை சுருங்கும், கல்லீரல் கெடும், சினம் தலைக்கேறும். பளுவைத் தூக்கினால் குள்ளமாவாய் என்று மகனை மிரட்டிய தந்தைக்கு, அதே மகன் ஊசி போட்டுக்கொண்டால் குள்ளமாவான் என்பது தெரியாது. மிரட்டல் பொய்யென்று கண்டுகொண்ட பையனும், மெய்யான எச்சரிக்கை வரும்போது அதையும் சேர்த்து நம்ப மறுக்கிறான். பிள்ளைகளிடம் பொய் சொன்னால் விளையும் கேடு இதுதான்.

சரி, தசை எப்படி வளர்கிறது? மந்திரம் ஒன்றும் இல்லை. தாங்கக்கூடிய சுமையை முறையோடு தூக்க வேண்டும். அது எளிதானதும் சிறிது கூட்ட வேண்டும். இடையில் ஓய்வு வேண்டும், உணவு வேண்டும், உறக்கம் வேண்டும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல், அமர்ந்தெழுதல், தண்டால், கம்பியில் தொங்கி ஏறுதல், சுமை தூக்கி நடத்தல் ஆகியவற்றைச் செய்தாலே தொடக்கத்துக்குப் போதும். ஒரே மூச்சில் தூக்கக்கூடிய உச்ச எடை எவ்வளவு என்று சோதித்துப் பார்ப்பது வளர்ச்சி முடியாத பிள்ளைக்கு வேண்டாத வேலை. பூப்புப் பருவத்துக்கு முந்திய சிறுவனுக்குப் பயிற்சியால் தசை பெரிதாகத் திரளாது. ஆனால் நரம்பும் தசையும் ஒத்திசைந்து வேலை செய்யக் கற்றுக்கொள்வதால் வலிமை கூடும். பூப்புப் பருவத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏறத் தொடங்கிய பிறகே ஆண் பிள்ளைக்குத் தசை பருக்கும். ஆகவே பன்னிரண்டு வயதுப் பையன் கண்ணாடியில் கையை மடக்கிப் பார்த்து ஏமாற வேண்டியதில்லை. அவன் வயதில் கற்க வேண்டியது முறை; பருமன் பின்னால் தானே வரும். இதை அவனிடம் எவரேனும் சொல்லியிருந்தால் மூன்று மாதத்தில் உடம்பு ஏறும் என்ற வலையில் அவன் விழுவானா?

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நம் நாட்டில் மைலோ குடிக்காத பிள்ளை உண்டா? அந்தப் பானம் 1934இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. அதற்குச் சூட்டப்பட்டது பண்டைய கிரேக்க மல்லன் குரோட்டோன் நகர் மைலோவின் பெயர். அவன் ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் தோளில் சுமந்து நடந்தானாம். கன்று வளர வளர அவன் வலிமையும் வளர்ந்து, கடைசியில் முழுக் காளையையே சுமந்தானாம். கதை எப்படியோ போகட்டும். சுமையைச் சிறுகச் சிறுகக் கூட்டு என்னும் பயிற்சி விதியை இதைவிட அழகாக எவரும் சொன்னதில்லை. நம் பிள்ளைகள் மல்லனின் பெயரை நாள்தோறும் இரண்டு கரண்டி சர்க்கரையோடு குடிக்கிறார்கள். கன்றுக்குட்டியைத்தான் காணோம்!

உணவுக்கு வருவோம். பதின்ம வயதினருக்குப் பரிந்துரைக்கப்படும் புரதம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராமைச் சுற்றியே இருக்கிறது. கடும்பயிற்சி செய்பவருக்குக் கூடுதல் தேவை. ஆயினும் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் உண்டால் தசைக்குப் பெரிதாகக் கூடுதல் பயன் இல்லை என்பது பெரியவர்களை வைத்து நிகழ்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த முடிவு. ஐம்பது கிலோ எடையுள்ள பையனுக்கு அந்த உச்ச அளவையே எடுத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு 80 கிராம். இதைச் சமையலறையிலேயே கூட்டிப் பார்ப்போம். காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். ஒரு குவளைப் பால், 8 கிராம். ஓய்வு நேரத்தில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஏழெட்டுக் கிராம். மதியம் உள்ளங்கை அளவு கோழியோ மீனோ, 25 கிராம். அன்றாடம் உண்ணும் சோறு, தோசை, ரொட்டியிலிருந்து சேர்வது பன்னிரண்டு பதின்மூன்று கிராம். இரவில் கெட்டியான பருப்பு ஒரு கிண்ணம், அல்லது பொரித்த தெம்பே நாலைந்து துண்டு, சுமார் 14 கிராம். எண்பது வந்துவிட்டதா, இல்லையா? பொடி எங்கே தேவைப்பட்டது?

பொடியில் ஒரு கரண்டிக்கு ஏறத்தாழ 24 கிராம் புரதம் என்று டப்பாவில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். நான்கு முட்டையில் இருப்பதும் அதுவே. நான்கு முட்டையின் விலை இரண்டு வெள்ளியைத் தாண்டாது. மரக்கறி உண்ணும் குடும்பத்தார், "எங்களுக்கு என்ன வழி?" என்பர். பால், தயிர், பருப்பு, கொண்டைக்கடலை, தௌஹூ, தெம்பே எல்லாம் இந்த மண்ணில் மலிவாகக் கிடைப்பவையே. ஆனால் ஒன்று: நம் வீட்டுச் சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தண்ணீரில் மஞ்சளைக் கரைத்துவிட்டுப் பிள்ளைக்குப் பருப்பு கொடுத்தேன் என்று சொல்லக்கூடாது, தாய்மார்களே! தந்தைமாரும் கரண்டி பிடிக்கலாம். கை தேய்ந்து போகாது.

உறக்கத்தைப் பற்றி ஒரு சொல். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை எட்டு முதல் பத்து மணிநேர உறக்கம் தேவை. நள்ளிரவு வரை கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பவன் எத்தனை டப்பா குடித்தாலும் வீணே.

"ஆசிரியரே, இதெல்லாம் அழகுக்காகச் செய்யும் ஆடம்பரந்தானே? இதற்கு இவ்வளவு ஆவேசமா?" என்று சிலர் கேட்கக்கூடும். ஆடம்பரமா? நம் இனத்தின் உயிர் இதில் இருக்கிறது.

புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும் அவருடைய இங்கிலாந்து நண்பர் மருத்துவர் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டனர். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு ஒன்றே: 22.3. ஆனால் வெள்ளையர் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு 9.1, இந்தியர் உடம்பில் நூற்றுக்கு 21.2! வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம் இனத்தாரின் உடம்புக்குப் பிறவியிலேயே உள்ள சாயல் இது: தசை குறைவு, கொழுப்பு மிகுதி. நாம் உண்ணும் சோற்றின் சர்க்கரையில் பெரும்பகுதியை உறிஞ்சிச் சேமிக்க வேண்டிய களஞ்சியம் எலும்போடு ஒட்டிய தசையே. களஞ்சியம் சிறிதாக இருந்தால் சர்க்கரை எங்கே போகும்? இரத்தத்தில் நிற்கும்! 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்தியரிடையே மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 31 பேர். மூவரில் ஒருவர் என்றே சொல்லலாம். காலை இழந்த மாமாவும், வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் அத்தையும் இல்லாத தமிழ்க்குடும்பம் எது? இந்த நிலையில் பதினைந்து வயதில் தசை சேர்க்க விரும்பும் பிள்ளையைக் கைதட்டி வரவேற்க வேண்டாமா? அவனைக் கேலி செய்து அனுப்பும் நாம் அறிவுடையோரா?

நாம் எப்போதும் இப்படி இருந்தவர்கள் அல்லர். இன்று சுபாங் ஜெயா நிற்கும் நிலம் ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். 1976இல் வீடமைப்புத் திட்டம் தொடங்கிய பின்னரே மரங்கள் போய் மாடிகள் வந்தன. இத்தகைய தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் பாட்டன் பாட்டிமார் காண்டாக் கம்பின் இருமுனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு மேடுபள்ளம் ஏறி இறங்கியவர்கள். செம்பனைக் குலை ஒவ்வொன்றும் இருபது கிலோ வரும். அதைக் கம்பியால் குத்தித் தூக்கி லாரியில் எறிந்தவர்கள். அவர்கள் வாழ்வை நான் பொற்காலம் என்று பாடவில்லை. அவ்வுழைப்பின் கூலி அவர்கள் வயிற்றுக்குப் போதவில்லை என்பதும் கள்ளுக்கடை அவர்களைக் குடித்தது என்பதும் நாம் அறிந்ததே. ஆயினும் உழைப்பே அவர்களுக்குப் பயிற்சியாக இருந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மின்தூக்கியில் ஏறி, எஸ்.எஸ்.15 கடைத்தெருவில் முத்துருண்டை போட்ட இனிப்புத் தேநீரை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறார்கள். உழைப்பு போய்விட்டது. அதன் இடத்தில் பயிற்சி வரவில்லை, சர்க்கரை வந்துவிட்டது.

தமிழ்நாட்டு ஊர்களில் இளவட்டக்கல் என்று ஒன்று கிடக்கும். உருண்டையான பெருங்கல். அதைத் தூக்கித் தோள்வழியே பின்னால் போடும் இளைஞனுக்கே பெண் கொடுப்பது என்ற வழக்கம் பல ஊர்களில் இருந்தது. பிறகு பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ என்னும் உடல்வலிஞர் உலகைச் சுற்றி வந்து 1905ஐ ஒட்டி இந்தியாவிலும் கண்காட்சி நடத்தினார். அவர் பெயரே தமிழில் பட்டமாகிவிட்டது! இயக்குநர் ராஜா சாண்டோவும், படமுதலாளி சாண்டோ சின்னப்பா தேவரும் தம் பெயரோடு அதைச் சேர்த்துக்கொண்டது கட்டுடலுக்காகத்தான். தேவர் காலத்துப் பயிற்சிக்கூடங்களில் கர்லாக்கட்டையும் தண்டாலும் பஸ்கியும் இருந்தன. பொடி டப்பா இல்லை.

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கத்தை நினைத்துப் பாருங்கள். தந்தையார் முன்னாள் படைவீரர், அவரும் பளுதூக்குபவரே. செல்வக் குடும்பம் அன்று. அந்தப் பிள்ளை 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றான். 2018இல் கோல்டு கோஸ்ட்டில் மீண்டும் தங்கம். உடன் நின்று கற்றுக்கொடுக்க ஒரு பெரியவர் இருந்தார். எல்லாப் பையனும் சதீஷ் ஆகமாட்டான். ஆனால் எல்லாப் பையனுக்கும் அப்படி ஒரு பெரியவர் தேவை.

"விளையாடினால் படிப்பு கெடும்" என்போருக்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. டாக்டர் மணி ஜெகதீசன் 1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், நான்கு பேர் அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கம் வென்றவர். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடி அவர் நாட்டிய தேசியச் சாதனையை முறியடிக்க 2017 வரை எவராலும் இயலவில்லை. 49 ஆண்டுகள்! அவர் மருத்துவம் படித்தவர் என்பதைப் பெற்றோர்கள் மறந்துவிடுகிறார்கள். அதே 1966இல் 400 மீட்டரில் ஆசியத் தங்கம் வென்றவர் மு. ராஜாமணி என்ற பெண்மணி என்பதையும் சேர்த்தே மறந்துவிடுகிறார்கள்.

இனி என் இனத்தாரான ஆசிரியர்களுக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டா.

கால அட்டவணையில் உடற்கல்வி இருக்கிறது. ஆனால் திடலில் பிள்ளைகள் இருக்கிறார்களா? முன்பு காரணம் கேட்டால் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு என்பார்கள். ஆறாம் ஆண்டு மாணவருக்கு ஜூன் மாதத்தோடு உடற்கல்வி முடிந்துவிடும். அந்த நேரம் கணிதத்துக்கும் மொழிக்கும் போய்விடும். 2021இல் அந்தத் தேர்வையே அரசாங்கம் ஒழித்துவிட்டது. தேர்வு போயிற்று, திருட்டு போகவில்லை! இப்போது மழை, வெயில், கட்டுரைப் போட்டி, பரிசளிப்பு விழாவுக்கு ஒத்திகை என்று வேறு காரணங்கள் முளைத்திருக்கின்றன. நான்காம் ஆண்டு முதல் மாணவர்க்கு நடத்தப்பட வேண்டிய 'செகாக்' உடல்திறன் சோதனையைப் பாருங்கள். படியேறி இறங்குதல், ஒரு நிமிடத் தண்டால், வயிற்றுப் பயிற்சி, குனிந்து கை நீட்டுதல், உடல் எடைக் குறியீடு: என்ன அருமையான திட்டம்! ஆனால் சோதனை என்பது முன்பு கற்பித்ததை அளக்கத்தானே? தண்டால் எடுக்க ஒருநாளும் கற்பிக்காமல், ஆண்டுக்கு இருமுறை பிள்ளையைத் தரையில் படுக்கவைத்து எண்ணிவிட்டு, எண்ணைக் கணினியில் ஏற்றிவிட்டால் கடமை முடிந்ததா? வாய்ப்பாடு கற்பிக்காமல் பெருக்கல் தேர்வு வைத்தால் ஒப்புக்கொள்வீர்களா?

கட்டுடல் கொண்ட தமிழ் இளைஞனைக் கண்டாலே கும்பல்காரன் என்று முடிவு கட்டும் வழக்கத்தையும் இத்தோடு விட்டுத் தொலைக்க வேண்டும். குண்டர் கும்பல்கள் நம் பிள்ளைகளை இழுக்கின்றன என்பது மெய்யே. எதைக் காட்டி இழுக்கின்றன? 'வா, நீ வலிமையானவன். உனக்கு இங்கே மதிப்பு உண்டு' என்று சொல்லித்தானே? அந்தச் சொல்லைப் பள்ளித் திடலில் ஆசிரியர் சொல்லியிருந்தால் தெருமுனையில் வேறொருவன் சொல்லக் கேட்டு அவன் மயங்குவானா? வலிமையை நாம் அசிங்கமாக்கிவிட்டோம். அதை மதிப்பாக்கியவன் அவனைக் கொண்டு போனான்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். "அவளுக்கு எதற்கு ஐயா தசை? ஆண் போல ஆகிவிடமாட்டாளா?" ஆகமாட்டாள். ஆண் சுரப்பி அவள் உடம்பில் மிகக் குறைவு. அவளுக்கு வலிமை ஏறும், உடம்பு இறுகும், அவ்வளவே. வாழ்நாள் முழுவதற்கும் வேண்டிய எலும்பின் அடர்த்தியில் பெரும்பகுதி பதின்ம வயது முடிவதற்குள் சேர்ந்துவிடுகிறது. அந்த வயதில் சேமிக்காதவள் அறுபதில் குளியலறையில் வழுக்கினால் இடுப்பெலும்பு முறியும். இன்னொன்றும் உண்டு. பூப்பெய்திய மகளைத் திடலுக்கே அனுப்பாத குடும்பங்கள் இந்த 21ஆம் நூற்றாண்டிலும் இருக்கின்றன. கடிதம் கொடுத்தனுப்புகிறார்கள்: 'என் மகளுக்கு உடற்கல்வியிலிருந்து விலக்களிக்கவும்.' கணிதத்திலிருந்து விலக்குக் கேட்டு ஒரு கடிதமாவது இதுவரை வந்ததுண்டா?

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகளை வைக்கவிருக்கிறேன். முதலாவது, உடற்கல்வி நேரத்தை வேறு பாடத்துக்குக் கொடுப்பதாயின் தலைமையாசிரியரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். எத்தனை நேரம் அவ்வாறு போயிற்று என்பது ஆண்டறிக்கையில் அச்சாக வேண்டும். இரண்டாவது, பரிசளிப்பு விழாவுக்குக் கூடாரம் வாடகைக்கு எடுக்கும் செலவில் ஒரு பகுதியைக் குறைத்து, திடலின் ஓரத்தில் தொங்குகம்பிகள் நடவேண்டும். ஒரு கம்பி ஆறாம் ஆண்டு மாணவன் எம்பிப் பிடிக்கும் உயரத்தில் இருக்கட்டும். இன்னொன்று அதைவிடத் தாழ்வாக, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளும் எட்டிப் பிடிக்கும் உயரத்தில், அடியில் மணல் கொட்டி.